ஒற்றைத்தாள் சங்கிலியம்மாள்

மூன்றாவது புத்தகம் நாலே நாளில் விற்றுத் தீர்ந்தபோது சங்கிலியம்மாளுக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷம். வந்ததோ கலக்கம்.

முதல் இரண்டு புத்தகங்களும் அப்படிப் போனவை அல்ல. 'பந்தலுக்குக் கீழே' என்று பெயர் வைத்து, கதையும் படமும் தானே போட்டு, இருபத்துநான்கு பக்கத்தில் அவள் அச்சடித்த படக்கதைகள் அவை. கம்பத்திலும் காமயகவுண்டன்பட்டியிலும் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கும். இருநூறு பிரதி தீர ஆறு மாதம் பிடிக்கும். அந்த ஆறு மாதமும் டவுன் பஸ்ஸில் எவளாவது ஒருத்தி வாய்விட்டு வாசிப்பாள், பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சங்கிலியம்மாள் ஏறினால், "பொம்மப் புஸ்தகக்காரி வந்துட்டா, எடம் விடுங்கடி" என்று நகர்ந்து உட்காருவார்கள். மூன்றாவது புத்தகம் நாலு நாளில் தீர்ந்தது. ஆனால் பஸ்ஸில் ஒருத்தி கையிலும் அது இல்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அது 2017-ம் வருஷத்துப் புரட்டாசி. அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கம்பத்தில் இம்மானுவேலின் அச்சகத்தில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள் கையால்தான் வடிவம் பெறும். அச்சில் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் போடுவாள். பெண்கள், கத்தரிக்கோல்கள், வாளிகள், கொடிகள். திராட்சைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அவள் படங்களில் வானம் இருக்காது. கட்டத்தின் மேற்பாதி முழுக்கப் பந்தல்தான் கறுப்பாகப் படர்ந்து கிடக்கும். அதற்குக் கீழே ஆட்கள் கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு வேலை செய்வார்கள்.

முதல் கதையை வரைந்ததும் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். அங்கிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். "படம் பரவாயில்ல. ஆனா இதுல கதாநாயகன் யாரும்மா?" என்று கேட்டார். "கதாநாயகன் இல்லைங்க, நாலு பொம்பளைகதான்" என்றாள். அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. "மிச்சத் தாளு கெடக்கு, ஞாயித்துக்கெழம மிசின் சும்மாதான் நிக்கிது. போட்டுக்க ஆத்தா" என்று இம்மானுவேல் சொன்னார். போட்டுக்கொண்டாள். முதல் புத்தகம் தோட்டத்து எடைத்தராசைப் பற்றியது. இரண்டாவது, கூடலூர் ஜீப்பில் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மலையேறும் டிரைவரைப் பற்றியது. இரண்டாவதைப் படித்து ஜீப் டிரைவர்களே சிரித்தார்கள்.

மூன்றாவதில் யாரும் சிரிக்க ஒன்றும் இல்லை.

அதற்கு விதை போட்டது அவள் செய்த வேலைதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போது பெயருக்குக் கீழே வயது போடுவார்கள். அறுபத்தெட்டு, எழுபத்தொன்று என்று போட்டுப் பழகிய விரல், அந்த ஒரு வருஷத்தில் முப்பத்துநான்கு போட்டது, இருபத்தொன்பது போட்டது, நாற்பத்தொன்று போட்டது. 'அகால மரணம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தாள். போஸ்டர் அடிக்கச் சொல்ல வந்தவர்களிடம் என்ன நோவு என்று கேட்டால், "மூச்சுத் திணறலு", "ஈரல் கெட்டுப்போச்சாம்" என்றார்கள். எல்லாரும் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்கள். ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

முடிச்சு விழுந்தது சொந்த வீட்டில். அவளுடைய அக்கா மூக்கம்மாள் திராட்சைத் தோட்டத்துக் கூலி. கவாத்து வெட்டிய பிறகு கொடிகள் ஒரே மாதிரி துளிர்க்க வேண்டும் என்பதற்காக, துணியை ஒரு மருந்தில் நனைத்து வெட்டுப்பட்ட கணுக்களில் தடவுவார்கள். அது பெண்கள் வேலை. அந்த வருஷம் புது மருந்து வந்திருந்தது, பாதி விலையில். வெள்ளைக் கேன். அதில் பெயர் கிடையாது, படம் கிடையாது, எழுத்தே கிடையாது. நாலாம் நாள் மூக்கம்மாளின் வலது கை விரல்களில் தோல் உரிந்தது. பத்தாம் நாள் நகம் கறுத்தது. ஒரு மாதத்தில் வலது கண்ணில் பனி மூடிய மாதிரி ஆகிவிட்டது.

தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். "என்ன மருந்து தடவுனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வெள்ளக் கேன் மருந்துங்க."

"அதுக்குப் பேரு இருக்குமே?"

"பேரு இல்லைங்க."

"பேரு தெரிஞ்சாத்தானம்மா நான் வைத்தியம் பாக்க முடியும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கையை விரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது மூக்கம்மாள் தன் விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த விரல்களைத்தான் சங்கிலியம்மாள் வரைய ஆரம்பித்தாள். இருபத்துநான்கு பக்கமும் அக்காளின் கைதான். கடைசிப் பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கேன்.

அந்தப் புத்தகம்தான் நாலு நாளில் தீர்ந்தது. இன்னும் முன்னூறு போட்டாள். அது இரண்டே நாளில் தீர்ந்தது. தன் ஊரான காமயகவுண்டன்பட்டியில் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த சந்தனம்மாளிடம் போய்க் கேட்டாள்.

"யாருக்கா வாங்குனாக?"

சந்தனம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே ரோட்டைப் பார்த்தாள். "ஒரு ஆளுதான். வெள்ளச் சட்ட போட்டு, மரியாதையாப் பேசுச்சு. தொங்குனது அம்புட்டையும் கழத்திக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிருச்சு. கம்பத்துலயும் எல்லாக் கடையிலயும் அவுகதான் வாங்கிருக்காகளாம்." பிறகு குரலை இறக்கினாள். "எனக்கு இனிமே குடுக்காத சங்கிலி. கோவிச்சுக்கிராத."

ஒருவர் கூடப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஐந்நூறு புத்தகமும் எங்கோ ஓரிடத்தில் அடுக்கிக் கிடக்கின்றன.

எங்கே என்று தெரிந்துகொள்ள அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் அச்சகத்துக்கே வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். பெயர் கார்த்திக்ராஜ் என்று சொன்னான்.

"புஸ்தகம் ரொம்ப நல்லாருக்குக்கா. எங்க அண்ணன் ஒரே மூச்சுல படிச்சாக. அடுத்தது எப்ப வருதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக."

"எந்த அண்ணன்?"

"விஜய்பாண்டி அண்ணன். மருந்துக்கடை." அந்தப் பெயரைச் சொன்னதும் உள்ளே மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த இம்மானுவேலின் கை நின்றதை அவள் கவனித்தாள். கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் தோட்டங்களுக்கு மருந்தும் உரமும் அந்தக் கடையிலிருந்துதான் போயின. "இனிமே மொத்தமும் எங்களுக்கே குடுத்துருங்கக்கா. நீங்க எதுக்குக் கட கடையா ஏறி எறங்கணும்?"

"மொத்தத்தையும் வாங்கி என்ன செய்வீக?"

"பத்திரமா வச்சிருக்கோம்க்கா. ஒரு பக்கம் கசங்கல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெடுதல் எதுவும் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்தவன் வாசலில் நின்று, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவன் போலத் திரும்பினான்.

"ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போடணும்க்கா."

அவள் பழக்கத்தில் பேனாவை எடுத்தாள். "பேரு?"

"பேரு அப்பறம் சொல்றேன். போட்டோவும் அப்பறம் தர்றேன். வயசு மட்டும் நாப்பத்திரண்டுன்னு போட்டு ரெடியா வைங்க."

சங்கிலியம்மாளின் புருஷன் ராக்கையாவுக்கு வயது நாற்பத்திரண்டு.

ராக்கையா லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சந்தைக்குக் காய்கறி, பழப்பெட்டி ஏற்றிப் போவான். அவள் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டு முதலில் சிரிக்கப் பார்த்தான். "நாப்பத்திரண்டு வயசுல இந்தச் சில்லாவுல நான் ஒருத்தன்தான் இருக்கேனாக்கும்?" என்றான். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்முன் குனிந்து சக்கரம் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஆட்டிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் இம்மானுவேல் அவளைக் கூப்பிட்டார். "உன் படத்த நான் குத்தம் சொல்லல ஆத்தா. ஆனா இந்தக் கட்டடம் அவுக பெரியப்பா கட்டடம். இனிமே இங்கன பொம்மப் புஸ்தகம் வேண்டாம்." அவள் தலையை ஆட்டினாள். கம்ப்யூட்டரில் பெயரும் படமும் இல்லாத அந்தப் போஸ்டர் கிடந்தது. அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். "அழிச்சுப்புடாத. நாளைக்கி வந்து கேட்டாகன்னா?" என்றார் அவர். ஆகவே அது இருந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே அது கண்ணில் படும்.

இரண்டு மாதம் அவள் கோடு ஒன்று இழுக்கவில்லை. தோட்டங்களில் வெள்ளைக் கேன்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

மூக்கம்மாளுக்குக் கண்ணில் விட ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் புதுப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. சுண்டுவிரல் அளவுக்கு மடித்திருந்த அதைப் பிரிக்கப் பிரிக்கக் கைக்குட்டை அளவுக்கு வந்தது. இது என்ன மருந்து, யார் செய்தது, யாருக்கு ஆகாது, மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது. சங்கிலியம்மாள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். கண்ணில் விடும் இத்துணூண்டு மருந்துக்கு இவ்வளவு பெரிய தாள். வெள்ளைக் கேனுக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தாளைத் தான் போட்டால் என்ன என்று நினைத்தாள்.

ஒரே ஒரு தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்பினால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். ஊசி வேண்டாம், பசை வேண்டாம், அச்சகம் வேண்டாம். ஜெராக்ஸ் மிஷின் இருந்தால் போதும், அது எந்த ஊரில்தான் இல்லை. எட்டுப் பக்கத்துக்கு எட்டே படம். 'இந்த மருந்துக்குப் பேர் என்ன?' என்பது தலைப்பு. விரல், நகம், கை, கண் என்று பக்கத்துக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில், 'உங்கள் தோட்டத்துக் கேனில் பேர் இருக்கிறதா? பார்த்துவிட்டுக் கையை விடுங்கள்' என்று எழுதினாள். அதன் கீழே இன்னும் இரண்டு வரி: 'இது விற்பனைக்கு அல்ல. ஒரு நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும்.'

தன் பெயரைப் போடவில்லை.

முதல் நகலை எடுத்து, அதை வைத்து இன்னொரு நகல், அதிலிருந்து இன்னொன்று என்று எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது நகலில் பந்தலின் கறுப்பு வழிந்து ஆட்களை விழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். நிழல் போடும் பொடிக் கோடுகளை விட்டுவிட்டாள். தீக்குச்சி கனத்துக்கு ஒரே கோடு. பத்தாவது நகலிலும் நகம் நகமாகத் தெரிய வேண்டும். இருபது வருஷம் வரைந்து பழகிய கையை அவள் அந்த ஒரு வாரத்தில் புதிதாகப் பழக்கினாள்.

கம்பத்தில் நகல் எடுக்கவில்லை. உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் ஊர் போனாள். ஜெராக்ஸ் கடையில் பத்து நகல் கேட்பாள். வாங்கிக்கொண்டு வரும்போது, நகலெடுக்கக் கொடுத்த தாளை அடுத்து வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மறந்த மாதிரி மிஷினிலேயே விட்டுவிட்டு வருவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் ஒன்றைக் கொடுத்து மடிக்கச் சொல்லிக் காட்டுவாள்.

மாசி மாதம் ஒருநாள் மூக்கம்மாளைப் பார்க்க வந்த கூலிக்காரப் பெண் ஒருத்தி இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "சங்கிலி, இதப் பாத்தியா? குமுளிக்குப் போன ஜீப்புல குடுத்தாக." அதன் ஓரத்தில் யாரோ பேனாவால் மலையாளத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். எத்தனையாவது நகலோ, தாளே சாம்பல் நிறத்தில் இருந்தது. நகம் தெரிந்தது. சங்கிலியம்மாள் அதை முதல் தடவை பார்ப்பவள் மாதிரி வாங்கிப் பார்த்தாள். அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

தோட்டங்களில் பெண்கள், "கேன்ல என்ன எழுதிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க, அப்பறம் தடவுறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சில தோட்டக்காரர்களே கடைக்குப் போய்க் கேட்டார்கள். வேளாண்மைத் துறை அதிகாரிகள் இரண்டு பேர் வந்து கேனிலிருந்து மாதிரி எடுத்துப் போனார்கள். அந்த மாதிரிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கார்த்திக்ராஜ் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. மேஜைமேல் ஒரு கட்டுத் தாளை வைத்துப் பரப்பினான். வெள்ளையாக, சாம்பலாக, கோணலாக, ஓரம் வெட்டுப்பட்டு, எல்லாம் அதே எட்டுப் படம்.

"யாருக்கா இத வரைஞ்சது?"

"தெரியல தம்பி. பேரு போடலயே."

"அண்ணன் கேக்குறாக" என்றான். கண்ணில் தூக்கம் இல்லாத களைப்புத் தெரிந்தது. "இத எப்படிக்கா மொத்தமா வாங்குறது?"

 அவன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி அடுக்கினான். "மாமா லோடு ஆட்டோ இப்ப ராயப்பன்பட்டி ரோட்டுலதான போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் விடிகாலையில் ராயப்பன்பட்டி சாலையில் ஒரு டிப்பர் லாரி பின்னாலிருந்து இடித்து ராக்கையாவின் வண்டியை வாய்க்காலுக்குள் தள்ளியது. நிற்காமல் போய்விட்டது. ராக்கையாவுக்குத் தொடையிலும் முழங்காலிலும் எலும்பு முறிந்தது. உயிர் இருந்தது. போலீஸில் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சாலையில் டிப்பர்கள் தினமும் அப்படித்தான் போகும். மாதத்துக்கு ஒருவரை இடிக்கும். அதுவும் உண்மைதான். இது அவர்கள் வேலையா, வெறும் விதியா என்று அவளுக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். தெரியாமல் இருந்ததுதான் அவளை அரித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அச்சகத்துக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். நாற்பத்திரண்டு என்று வயது போட்ட அந்தப் போஸ்டரை அழித்தாள். இம்மானுவேல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் அவள் அங்கே செய்த கடைசி வேலை.

அக்காளையும் கூட்டிக்கொண்டு தேனிக்குக் குடிபோனார்கள். ராக்கையா காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவனானான். ஒரு குடோனில் காவல் வேலை கிடைத்தது. சங்கிலியம்மாள் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். வரைவதை விட்டுவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் விடவில்லை. விடும்படி அவனும் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் பதினொரு தாள் போட்டாள். எதிலும் பெயர் இல்லை. வெள்ளைக் கேன் பள்ளத்தாக்கில் இப்போது இல்லை. நீலக் கேன் வருகிறது. அதில் லேபிள் உண்டு. இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

2023-ல் மூக்கம்மாளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன சாக்கில் மதுரைப் புத்தகக் கண்காட்சிக்கும் போனாள். ஒரு மூலையில் சின்ன மேஜை போட்டு மகாலட்சுமி என்ற கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜை முழுக்க எட்டுப் பக்கப் புத்தகங்கள். பீடி சுற்றுகிறவர்கள் போட்டது, மீனவர் தெருவில் போட்டது, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் போட்டது. எல்லாம் தீக்குச்சி கனத்துக் கோடு. எந்தக் கட்டத்திலும் வானம் இல்லை. கடற்கரைக் கதையில்கூட மேலே கறுப்பாக எதையோ போட்டு மூடியிருந்தார்கள். எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் அவள் எழுதிய அந்த இரண்டு வரி.

"இத ஒத்தத்தாள்னு சொல்லுவோம்க்கா. பதிப்பகம் எதுவும் வேண்டாம், நீங்களே போடலாம். நாங்க நாப்பது ஊர்லருந்து சேத்துருக்கோம்" என்றாள் மகாலட்சுமி. எப்படி மடிப்பது என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள்.

"யாரு ஆரம்பிச்சது?"

"கம்பம் பக்கம்னு சொல்றாக. யாருன்னு தெரியாது. சென்னையில ஒரு ஓவியருக்கு இந்தப் பாணிக்காகப் போன வருசம் விருதெல்லாம் குடுத்தாங்க. அவரு இல்லன்னு எங்களுக்குத் தெரியும்." மகாலட்சுமி குனிந்து ஒரு தாளை எடுத்தாள். "இன்னொண்ணு சொல்லவாக்கா? இதுல ஒருத்தர் மட்டும்தான் பேரு போட்டுருக்காக. நேத்து வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தர் வந்து இத மட்டும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு. ரொம்ப மரியாதையாப் பேசுனாரு."

நீலக் கேன்களைக் கழுவி ஊற்றிய வாய்க்காலில் தண்ணீர் குடித்து ஆடுகள் செத்த கதை அது. கடைசிப் பக்கத்தில், வரைந்தது: பொன்னாத்தாள், ஜெயமங்கலம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே போன் நம்பரும் இருந்தது.

சங்கிலியம்மாள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியகுளம் போய், அங்கிருந்து ஜெயமங்கலம் போனாள். வழி முழுக்க, தெருவில் சாவுக் கூட்டம் கூடி நிற்கும் என்றே எதிர்பார்த்துக்கொண்டு போனாள். கூட்டம் இல்லை. தன் வயதையொத்த ஒரு பெண் வாசலில் செத்தை எரித்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னாத்தாளுங்களா? ஒங்க போனு என்னாச்சு?"

"தெனமும் கூப்புட்டுப் பேசாம வைக்கிறாக. அதான் அமத்திப் போட்டேன். நீங்க யாரு?"

ஆறு வருஷமாகச் சொல்லாததை அவள் சொன்னாள். "மொதத் தாளு வரைஞ்சது நாந்தான்."

பொன்னாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போன மாசமும் ஒரு ஆளு வந்து இப்படித்தான் சொன்னாரு. காலேசு வாத்தியாராம்." சங்கிலியம்மாள் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் ஒரு விரலை வரைந்தாள். ஒரே கோடு. நகத்தில் முடித்தாள். பொன்னாத்தாள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பேர எடுத்துருங்க" என்றாள் சங்கிலியம்மாள். டிப்பரைச் சொன்னாள், ராக்கையாவின் காலைச் சொன்னாள், போஸ்டரைச் சொன்னாள்.  பொன்னாத்தாள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வாய்க்காலுக்கும் ஆளு வந்தாக. இத எழுதுனது யாருன்னு தெருவுல நின்னு கேட்டாக. நாந்தான்னேன். தெருவே வெளிய வந்து நின்னுச்சு. போயிட்டாக. திரும்பி வருவாக, தெரியும். ஆனா பேரில்லாத கேனத் தொடாதன்னு நீங்கதான எழுதுனீக? அப்பறம் பேரில்லாத தாள நான் எப்படி இன்னொருத்தி கையில குடுக்கிறது?"

 எச்சரித்துவிட்டு வரப் போனவள், மத்தியான பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

வீட்டில் சொன்னபோது ராக்கையா நீட்டிய காலைத் தடவிக்கொண்டே இருந்தான். "எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றான். அதை மடக்கப் பார்த்துவிட்டு, "ஆனா பயந்து பயந்தும் இந்தக் கால்தான மிச்சம்" என்றான். மூக்கம்மாள் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டு, "என் கைய வரைஞ்ச. என் பேரயும் சேத்துப் போடு" என்றாள்.

பன்னிரண்டாவது தாள் போன ஐப்பசியில் வந்தது. நீலக் கேனைப் பற்றியது. கடைசிப் பக்கத்தில், 'வரைந்தது: சங்கிலியம்மாள். கை: மூக்கம்மாள். காமயகவுண்டன்பட்டி' என்று இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் நல்லதும் உண்டு. கூடலூரிலிருந்து மூன்று பெண்கள் தாங்கள் போட்ட தாள்களை எடுத்துக்கொண்டு, பெயர் விசாரித்து, கடைக்கே வந்தார்கள். மகாலட்சுமி போனில் ஐந்து நிமிஷம் பேச்சு வராமல் அழுதாள். பிறகு ஜெராக்ஸ் கடை முதலாளி, இனிமேல் இந்த வேலையெல்லாம் கடையில் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். தை பிறந்ததிலிருந்து கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பைக் நிற்கிறது. காலை பத்து மணிக்கு வரும், அவள் கிளம்பும்போது கிளம்பும். ஓட்டுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றியதே இல்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

சங்கிலியம்மாள் இப்போது பதின்மூன்றாவது தாளை வரைந்துகொண்டிருக்கிறாள். எட்டுப் படத்திலும் அந்தப் பைக்தான். நம்பர் பிளேட்டை மட்டும் மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டாள். பத்தாவது நகலிலும் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.